பெஞ்சுக்கு அடியில சுரண்டிப் பாத்த சார்

அம்மாவுக்கு பிபி மாத்திரை இப்ப வீட்டுக்கே வருது. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்கல்ல, அதுல ஒரு அக்கா பையைத் தூக்கிட்டு வருவாங்க, திண்ணையில உக்காந்து கையில பட்டையைச் சுத்தி பிபி பாப்பாங்க, நோட்டுல எழுதிக்குவாங்க, அட்டையைக் குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவாங்க. போன வாரம் அந்த அட்டையை நான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருக்கும் பாருங்க, அதைத்தான். அம்மா பதறிப்போயி "என்னடா, டேட்டு முடிஞ்ச மாத்திரையா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, நான் பாத்தது வேற கணக்கு. பதினோரு வருஷம் பெரியப்பா பட்டறையில உக்காந்து கவர்மெண்ட் ஆபீசுக்கு கொட்டேஷன் அடிச்சவன் நான். அரசாங்கம் வாங்குன எந்தப் பொருள் கண்ணுல பட்டாலும் இது என்ன ரேட்டுக்குப் போயிருக்கும், யாரு எல்1 வந்திருப்பான், பில்லு எப்ப பாஸ் ஆயிருக்கும்னுதான் மண்டைக்குள்ள ஓடும். அது ஒரு வியாதி.

பட்டறை மதுரையில. பீரோ, ஆபீஸ் டேபிள், ரேக், ஸ்கூல் பெஞ்சு இதெல்லாம் செய்வோம். பெரியப்பாவையும் என்னையும் சேத்து ஒம்போது பேரு. எல்1னா தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், டெண்டர்ல கேட்ட தகுதியெல்லாம் இருக்கறவங்கள்ல யாரு கம்மியா ரேட் போட்டாங்களோ அவங்கதான் எல்1, ஆர்டர் அவங்களுக்கு. கேக்கறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கும். கம்மி விலைக்குத் தரேங்கறவன்கிட்ட வாங்கறதுல என்ன தப்புன்னு நானும் சேந்த புதுசுல நெனச்சேன்.

முதல் வாரத்துலயே பெரியப்பா பாடம் எடுத்தாரு. ஒரு ஆபீஸ்ல இருந்து இருபது ரேக் கேட்டு லெட்டர் வந்துச்சு. நான் தகடு, வெல்டிங் ராடு, கூலி, பெயிண்ட், வண்டி வாடகைன்னு எல்லாம் கூட்டி, லாபம் வச்சு ஒரு ரேட் எழுதிட்டுப் போனேன். அவரு பேப்பரைப் பாக்கவே இல்ல. "யாருடா கேட்டது?"ன்னாரு. ஆபீஸ் பேரைச் சொன்னேன். "அங்கயா? பன்னெண்டு பர்சென்ட் ஏத்து." அவ்வளவுதான். மறுவாரம் வேற ஒரு ஆபீஸ், அதே ரேக். "அங்க ஏத்தாத, ஒரு மாசத்துல செக் வந்துரும்."

எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு அந்தப் பன்னெண்டு எங்கேர்ந்து வருதுன்னு புரிய. ஒரு பெஞ்சு செய்ய எங்களுக்கு 4,000 ரூபா ஆகுதுன்னு வச்சுக்கங்க. தகடு வாங்க கையில காசு இருக்காது, வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்குவோம். ரெண்டு வட்டின்னா மாசத்துக்கு நூத்துக்கு ரெண்டு. பில்லு பாஸ் ஆக ஆறு மாசம் ஆச்சுன்னா பெஞ்சுக்கு 480 ரூபா வட்டி மட்டும். பன்னெண்டு பர்சென்ட் சரியா வருதா? இதுல லாபம் சேரல, பில்லுக்காக நான் பஸ் ஏறிப் போன செலவு சேரல, செக்‌ஷன்ல போயி நின்னுட்டு வந்த நாள் சேரல. இப்படி யோசிச்சுப் பாருங்க, அரசாங்கம் மார்க்கெட்ல கடன் பத்திரம் வித்தா வருஷத்துக்கு ஏழு எட்டு பர்சென்ட் வட்டிக்குப் பணம் கிடைக்கும், அதே அரசாங்கம் பில்லை இழுத்தடிச்சு எங்க மூலமா வருஷத்துக்கு இருபத்திநாலு பர்சென்ட்ல கடன் வாங்கிட்டு இருக்கு, அதுவும் வட்டின்னு எந்த ரெஜிஸ்டர்லயும் ஏறாம பெஞ்சு விலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு. ஆடிட் பார்ட்டிக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா டெண்டர் போட்ட எல்லாரும் பன்னெண்டு ஏத்தித்தான் போட்டிருப்பான், அதுல கம்மி எவனோ அவன் எல்1.

சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 2006ல வந்த சிறு குறு தொழில் சட்டத்துல 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும், இல்லாட்டி ரிசர்வ் பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி. 2017ல சமாதான்னு ஒரு போர்ட்டலும் தொறந்தாங்க, அதுல கம்ப்ளெயிண்ட் பண்ணலாம். பண்ணலாம்தான். பண்ணிட்டு அடுத்த ஆர்டருக்கு அதே ஆபீஸ் படியில ஏறணும்ல? பெரியப்பா அந்த போர்ட்டலோட பேரைக் கேட்டதும் சிரிச்சாரு, "நம்மதான் சமாதானமாப் போகணும்னு பேரு வச்சிருக்கான் பாரு"ன்னு.

ஸ்பெசிபிகேஷன் கதை தனி. என்ன வேணும்னு எழுதற பேப்பர் அது, அதைத்தான் ஒழுங்கா உக்காந்து யோசிச்சு எழுதணும், ஆனா பாதி இடத்துல வேற ஏதோ டிபார்ட்மெண்ட் டெண்டர்ல இருந்து எடுத்து அப்படியே ஒட்டியிருப்பாங்க. ஒரு தடவை ஸ்கூல் பெஞ்சுக்கு காஸ்டர் வீல் கேட்டிருந்தாங்க. நாலு காலுக்கும் சக்கரம். ஆறாங்கிளாஸ் பசங்க கையில சக்கரம் வச்ச பெஞ்சு கிடைச்சா என்ன ஆகும்னு யாராச்சும் ஒரு நிமிஷம் யோசிச்சாங்களா தெரியல. ஆபீஸ் சேர் டெண்டர்ல இருந்து வந்த வரி அது. இது அறியாமை. இன்னொரு வகை இருக்கு, டேபிளோட நீளம் 1,187 மில்லிமீட்டர்னு கேப்பாங்க. அதென்ன 1,187? யாரோ ஒரு கம்பெனி கேட்லாக்ல அப்படித்தான் இருக்கும், வேற எவன்கிட்டயும் அந்த அளவுல டை, அதான் தகடு அடிக்கற அச்சு, இருக்காது. அந்த மாதிரி டெண்டரைப் பாத்தா பெரியப்பா விண்ணப்பம் வாங்கக்கூட காசு செலவு பண்ண மாட்டாரு. "இது கல்யாணம் முடிஞ்ச வீடு, நம்ம பந்திக்குத்தான் கூப்புடுறாங்க"ன்னு தூக்கிப் போட்டுருவாரு.

மூணு கொட்டேஷன் பத்தியும் சொல்லிடணும், மறைக்க ஒண்ணுமில்ல. சின்ன தொகைக்கு டெண்டர் வேணாம், மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கிப் போட்டா போதும்னு ரூல். எங்க டிராயர்ல மூணு லெட்டர்பேடு இருக்கும். ஒண்ணு எங்களுது, ஒண்ணு பெரியம்மா பேர்ல, இன்னொண்ணு தெருமுனையில இருந்த நண்பரோடது. அவரு டிராயர்லயும் எங்களுது இருக்கும். மூணையும் ஒரே கம்ப்யூட்டர்ல நானே அடிப்பேன், வித்தியாசம் தெரியணும்னு ஃபான்ட் மட்டும் மாத்துவேன். வாங்கறவங்களுக்கும் தெரியும். போட்டிங்கறது பேப்பர்ல இருந்துச்சு, சந்தையில இல்ல. 2016ல அரசு ஆபீசுங்க ஆன்லைன்ல பொருள் வாங்கற ஜெம் போர்ட்டல் வந்ததும் மத்திய அரசு ஆபீசுங்கள்ல இந்த லெட்டர்பேடு பொழப்பு ரொம்பக் கொறைஞ்சுச்சு, அது நல்லதுதான், ஆனா அங்க வேற கூத்து. சொந்தமா ஒரு வெல்டிங் மெஷின்கூட இல்லாதவன் லேப்டாப் வச்சுக்கிட்டு எங்களுக்குக் கீழ ரேட் போட்டு ஆர்டர் எடுப்பான், எடுத்துட்டு எங்களுக்கே போன் பண்ணி "அண்ணே இந்த ரேட்டுக்கு செஞ்சு குடுப்பீங்களா"ம்பான்.

இந்த இடத்துல அதிகாரிங்க பக்கமும் பேசணும். நான் பழகுன வரைக்கும் பாதிப் பேரு நல்லவங்க, பயந்தவங்க. மூணு சி-ன்னு ஒரு பேச்சு உண்டு அவங்களுக்குள்ள: கணக்கு தணிக்கை பண்ற சிஏஜி, ஊழலைக் கண்காணிக்கற சிவிசி, அப்புறம் சிபிஐ. எல்1 விட்டுட்டு எல்2கிட்ட வாங்குனா, அவன் பொருள் ரெண்டு மடங்கு உழைக்கும்னு தெரிஞ்சே வாங்குனாலும், ஏன் வாங்குனன்னு ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்கற வரைக்கும் கேப்பாங்க. எல்1கிட்ட வாங்கி ரெண்டு வருஷத்துல பெஞ்சு கால் ஒடிஞ்சா ஒருத்தனும் கேக்க மாட்டான். அப்ப அவரு என்ன செய்வாரு? நீங்க நானா இருந்தாலும் அதைத்தான் செய்வோம். மத்திய நிதி அமைச்சகமே 2021 அக்டோபர்ல ஒரு உத்தரவு போட்டு, சில வகை வேலைகளுக்குத் தரத்துக்கும் 30 சதவீதம் வரைக்கும் மார்க் குடுக்கலாம்னு கதவைக் கொஞ்சம் தொறந்து விட்டுச்சு. பெஞ்சு பீரோவுக்கெல்லாம் அது வராது.

அப்புறம் மார்ச் மாசம். பட்ஜெட்ல ஒதுக்குன காசை 31ஆம் தேதிக்குள்ள செலவு பண்ணலன்னா போயிரும், அடுத்த வருஷம் கேட்டா போன வருஷமே செலவு பண்ணலயேன்னு வெட்டுவாங்க. மத்திய அரசோட நிதி விதியில, வருஷக் கடைசியில அடிச்சுப் புடிச்சு செலவு பண்றது நிதி ஒழுங்கை மீறுனதுன்னே எழுதி வச்சிருக்காங்க, கடைசி மாசத்துல 15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பும் உண்டு. எழுதி வச்சிருக்காங்க. எங்க பட்டறையில வருஷத்துலயே மார்ச்லதான் ரெண்டு ஷிப்ட் ஓடும். ஒருதடவை மார்ச் 29ஆம் தேதி அறுபது பீரோவை ஒரு ஆபீஸ்ல இறக்கப் போனோம், வைக்க இடமே இல்ல. வாசல்ல வேப்பமரத்தடியில வரிசையா நிறுத்திட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு, "நல்ல நிலையில் பெறப்பட்டது"ன்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தேன். ஜூன்ல வேற வேலையா அந்தப் பக்கம் போனா பீரோ அங்கயேதான் நிக்குது, காக்கா எச்சம் வழிஞ்சு, ஒரு பீரோ கதவுல சாக்பீஸ்ல மூணு ஸ்டம்ப் வரைஞ்சிருக்கு. அந்த அறுபது பீரோவுக்கு நாங்க போட்ட ரேட் மார்ச் ரேட். சும்மா இருக்கற ஆகஸ்ட்ல கேட்டிருந்தா கம்மியா செஞ்சு குடுத்திருப்போம்.

இப்ப மாத்திரை அட்டைக்கு வரேன்.

தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994 ஜூலையில கம்பெனியா பதிவாகி, 1995 ஜனவரியில மருந்து சப்ளையை ஆரம்பிச்சுச்சு. அதுக்கு முன்னாடி மருந்து வாங்கறதுல ஏகப்பட்ட புகார், ஆளாளுக்குத் தனித்தனியா வாங்கிட்டு இருந்தாங்க. ஐஏஎஸ் அதிகாரி பூர்ணலிங்கம் பேரைத்தான் இதுல எல்லாரும் சொல்லுவாங்க. மொத்த மாநிலத்துக்கும் சேத்து ஒரே இடத்துல டெண்டர், அதனால விலை இறங்குச்சுன்னு சுருக்கமா சொல்லிட்டுப் போயிருவாங்க. சப்ளை பண்ணுன அனுபவத்துல பாத்தா எனக்கு அது பாதிக் கதைதான்.

முதல்ல என்ன வாங்கறதுன்னு முடிவு பண்ணுனாங்க. அத்தியாவசிய மருந்துன்னு ஒரு சில நூறு பேரை மட்டும் பட்டியல் போட்டு, பிராண்ட் பேரு கிடையாது, மருந்தோட பேரு மட்டும்தான். 1,187 மில்லிமீட்டர் வேலை அங்கயே அடிபட்டுருச்சு பாத்தீங்களா. டெண்டர்ல ரெண்டு கவர், ஒண்ணுல கம்பெனியோட தகுதி, இன்னொண்ணுல விலை, தகுதிக் கவர்ல தேறுனாத்தான் விலைக் கவரையே பிரிப்பாங்க. லேப்டாப் மட்டும் வச்சிருக்கவன் இங்க நிக்க முடியாது. அப்புறம் சரக்கு மாவட்ட கிடங்குக்கு வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிராது, தனியா ஒதுக்கி வைப்பாங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுத்து, கம்பெனி பேரு தெரியாம மறைச்சு, ஒரு கோடு நம்பர் மட்டும் போட்டு லேபுக்கு அனுப்புவாங்க. டெஸ்ட் பண்றவருக்கு அது யாரோட மாத்திரைன்னு தெரியாது, போன் பண்ணி "சார் கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு சொல்ல வழியில்ல. தேறுனாத்தான் சரக்கு வெளிய போகும், பில்லும் நகரும். தேறலன்னா சரக்கைத் திருப்பி எடுத்துக்கணும், திரும்பத் திரும்ப மாட்டுனா கறுப்புப் பட்டியல்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒண்ணு, அதுல இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு வரவு வச்சிருப்பாங்க. கிடங்குக்கு வந்து வேணுங்கறதை எடுக்க எடுக்க அந்தப் பாஸ்புக்லயே பற்று எழுதிக் கழிப்பாங்க. காசு கையில குடுக்கறதில்ல. மேலேர்ந்து நமக்கு வேணாத மருந்தை வந்து தள்ளிட்டுப் போறதும் இல்ல, டாக்டருக்கு எந்த மருந்து ஓடுதோ அதை அவரே கேட்டு எடுத்துக்கலாம். மார்ச் 29ஆம் தேதி அறுபது பெட்டி மாத்திரையை வேப்பமரத்தடியில இறக்கற வேலை இதுல நடக்காது. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாடி இதே மாதிரி கழகம் ஆரம்பிச்சாங்க, ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2ல இலவச மருந்துத் திட்டத்தையே அதை வச்சுத்தான் நடத்துச்சு. எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல, சில மாத்திரை இல்லன்னு வெளிய சீட்டு எழுதிக் குடுத்த நாளும் உண்டு, அம்மாவுக்கே ரெண்டு தடவை அப்படி ஆச்சு, நான்தான் மெடிக்கல்ல வாங்கிட்டு வந்தேன்.

எல்இடி பல்பு ஞாபகம் இருக்கா? 2014 ஆரம்பத்துல மத்திய அரசு கம்பெனி ஈஈஎஸ்எல் மொத்தமா வாங்குன விலை ஒரு பல்பு 310 ரூபா, 2016ல 38 ரூபா. தொழில்நுட்பம் மலிவாச்சு, உண்மைதான். அதுக்கும் மேல கோடிக்கணக்குல வாங்குவோம், திரும்பத் திரும்ப டெண்டர் விடுவோம்னு தெரிஞ்சதால கம்பெனிக்காரன் தைரியமா மெஷின் போட்டான். அதுவும் மூணு வருஷம் மாத்திக் குடுக்கணுங்கற கண்டிஷனோட. ஆனா இந்த மொத்தக் கொள்முதலைப் பாத்து கைதட்டும்போது எங்க பட்டறை மாதிரி ஒம்போது பேரு எடத்துக்கு அதுல வாசலே கிடையாதுங்கறதும் எனக்கு உறுத்தும். மாநிலம் பூராவுக்கும் ஒரே பெஞ்சு டெண்டர் விட்டா விலை கொறையும், நாங்க இருக்க மாட்டோம். இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல.

ஆனா பெருசா வாங்குனாத்தான் காசுக்கேத்த பொருள் கிடைக்கும்னு இல்லங்கறதை ஒரே ஒரு ஆளு எனக்குக் காமிச்சுட்டாரு. எங்க ஏரியா கவர்மெண்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல ஒரு பிசிக்ஸ் சார்.

நாப்பது டூயல் டெஸ்க் ஆர்டர், ரெண்டு பேரு உக்கார்ற பெஞ்சு. பணம் ஸ்கூல் அக்கவுண்ட்லயே இருந்துச்சு, ஹெச்எம் செக் போடணும். ஸ்பெக் ஒரே பக்கம், பசங்க உயரத்தை அளந்து அவங்களே எழுதுனது, தகடு 20 கேஜ்னு தெளிவா இருந்துச்சு. சரக்கை இறக்கி வராண்டாவுல வரிசையா வச்சோம். நான் டெலிவரி சலானை நீட்டிக்கிட்டு நிக்கறேன். சார் லேப்ல இருந்து கையில ஒரு சின்ன மரப்பெட்டியோட வந்தாரு. தொறந்தா ஸ்க்ரூ கேஜ். பிளஸ் ஒன் பசங்க கம்பியோட தடிமனை அளக்கற அதே கருவி. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு முதல் பெஞ்சுக்கு அடியில உக்காந்துட்டாரு.

இங்க ஒரு தொழில் ரகசியம் சொல்லணும். 20 கேஜ் தகடுன்னா 0.9 மில்லிமீட்டர், 22 கேஜ்னா 0.7. கண்ணால பாத்தா தெரியாது, தூக்கிப் பாத்தா கொஞ்சம் தெரியும். ஆனா 22 தகடு மேல ரெண்டு பக்கமும் பவுடர் கோட்டிங் ஏறுச்சுன்னா 0.85 கிட்ட வந்து நிக்கும், யாராச்சும் அளந்தாலும் முன்ன பின்ன இருக்கும் சார்னு சொல்லி சமாளிச்சுரலாம். சார் முதல்ல அப்படியே அளந்தாரு. நிமிந்து என்னைப் பாத்தாரு. "பெயிண்டோட சேத்து அளக்கக்கூடாதுல்ல தம்பி?"ன்னு கேட்டுட்டு, சட்டைப் பையில இருந்து பாதி பிளேடை எடுத்து, புக் வைக்கற தட்டோட பின் ஓரம், மடிக்காத ஓரம் இருக்கும்ல, அங்க ரெண்டு பக்கமும் ஒரு ரூபா காசு அளவுக்கு பெயிண்டைச் சுரண்டிட்டு மறுபடி வச்சுத் திருகுனாரு. டிக் டிக்னு சத்தம் வர்ற வரைக்கும். 0.91. அடுத்த பெஞ்சு. 0.90. நாப்பதையும் அளந்தாரு, ரெண்டு மணி நேரம். எனக்கு வேர்த்துக் கொட்டுது, ஏன்னா எனக்குத் தெரியும். கடைசி ரெண்டு நாள் 20 தகடு தீந்துபோச்சு, ஆறு பெஞ்சுல பெரியப்பா 22ஐப் போடச் சொல்லிட்டாரு.

ஆறையும் கண்டுபுடிச்சாரு. கத்தல, திட்டல. ஆறு பெஞ்சு நம்பரையும் சலான்ல எழுதி, பக்கத்துல அளவையும் எழுதி, "இதை மட்டும் மாத்திக் குடுத்துருங்க தம்பி, மீதி அருமையா இருக்கு"ன்னாரு. மாத்திக் குடுத்தோம். குடுத்த ஒம்பதாவது நாள் செக் வந்துருச்சு. பதினோரு வருஷத்துல எங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்த கவர்மெண்ட் செக் அதுதான், பெரியப்பா அதைக் கொஞ்ச நேரம் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தாரு.

அடுத்த வருஷம் அதே ஸ்கூல்ல இருந்து லேப் டேபிளுக்கு ரேட் கேட்டு லெட்டர் வந்துச்சு. நான் வழக்கம்போல கணக்கு போட்டுட்டுப் போனேன். "எந்த ஸ்கூல்?" சொன்னேன். "சுரண்டுற சாரு ஸ்கூலா? ஏத்தாத. தகடும் மாத்தாத." அந்த லேப் டேபிளை நாங்க பிரைவேட் ஸ்கூலுக்குக் குடுத்ததை விடக் கம்மிக்குத்தான் குடுத்தோம். லாபம் வந்துச்சு.

பெரியப்பா இப்ப இல்ல. பட்டறையில அண்ணன் கேட்டும் கிரில்லும் பண்ணிட்டு இருக்கான், டெண்டர் பக்கமே போறதில்ல. எனக்கு வோட்டு அந்த ஸ்கூல்லதான். 2024 ஏப்ரல் 19, வெயில் மண்டையைப் பொளக்குது, வரிசை வராண்டா வரைக்கும் நீண்டு கிடக்கு, வயசானவங்க உக்கார ரெண்டு பெஞ்சை இழுத்துப் போட்டிருந்தாங்க. எங்க பெஞ்சு. ஆடல, கால் நேரா நிக்குது, மேல காம்பஸால யாரோ பேரு கிறுக்கியிருக்கான். ஓரமா உக்காந்து அடியில கைய விட்டுத் தடவிப் பாத்தேன். அந்த ஒரு ரூபா அளவு இடம் மட்டும் சொரசொரன்னு துரு புடிச்சிருந்துச்சு. அன்னைக்கே டச்சப் பெயிண்டை எடுத்துட்டு வந்து அதை மூடியிருக்கணும், சார் போகும்போது சொல்லக்கூட சொன்னாரு. மறந்துட்டோம்.